ஆலைத் தீயின் புகை அக்கம்பக்கத்தாரின் உடலை என்ன செய்கிறது?

2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், இங்கிலாந்தின் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் நகரை ஒட்டியிருந்த பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு பெரும் ஓசையுடன் வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட எரிபொருள் தொட்டிகள் பற்றிக்கொண்டன; கிளம்பிய கரும்புகை செயற்கைக்கோள் படங்களிலும் தெரியும் அளவுக்குப் பரந்தது. அந்தப் படங்களைப் பார்த்த எவரும் அந்த வட்டாரமே மூச்சுத் திணறியிருக்கும் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் பின்னர் அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தரைமட்டத்தில் மக்கள் சுவாசித்த காற்றில் மாசு அஞ்சிய அளவுக்கு உயரவில்லை என்பது தெரிந்தது. தீயின் கடும் வெப்பம் புகையை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் சென்றுவிட்டது; அன்றைய வானிலையும் அதைக் கீழே இறங்கவிடவில்லை.

2014 பிப்ரவரி 9 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மோர்வெல் நகரின் ஓரத்தில் உள்ள ஹேசல்வுட் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்தது. அங்கே பன்ஸ்ஃபீல்டைப் போன்ற வெடிப்பு ஏதும் நிகழவில்லை. பழுப்பு நிலக்கரிச் சுவர்கள் 45 நாட்கள் கனன்று எரிந்தன. புகை மேலே எழவில்லை. தரையோடு தரையாகப் பரவி, சுரங்கத்தை ஒட்டியிருந்த தெருக்களுக்குள் புகுந்து, வீட்டுக் கதவிடுக்குகள் வழியாக உள்ளே வந்து தங்கியது. உடல்நலத்தின் கணக்கில் பார்த்தால், இந்த இரண்டாவது தீயே அக்கம்பக்கத்தாருக்குப் பெருந்துன்பமாக முடிந்தது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஆலைப் புகையைப் பற்றி முதலில் அறிய வேண்டியது விளங்கும்: புகையின் ஆபத்தைக் கண்ணால் அளக்க முடியாது. எது எரிகிறது, எப்படி எரிகிறது, புகை எந்த உயரத்தில் நகர்கிறது, யார் அதை எவ்வளவு நேரம் சுவாசிக்கிறார்கள் என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. கருமையும் பரப்பும் அச்சத்தை அளக்கின்றனவே தவிர, உடலுக்குள் சென்ற நஞ்சை அளப்பதில்லை.

புகைக்குள் இருப்பவை

எந்தப் பொருளும் முழுமையாக எரிந்தால் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான் மிஞ்ச வேண்டும். தீ விபத்துகளில் அப்படி நடப்பதில்லை. குவியலாகக் கிடக்கும் பொருளின் உட்பகுதிக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காததால், பாதி எரிந்த நிலையில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் வெளியேறுகின்றன. இவற்றுள் சில வாயுக்கள். சில, வாயுவாகக் கிளம்பிக் குளிர்ந்ததும் நுண்ணிய துளிகளாக உறைபவை. மற்றவை கார்பன் துகள்கள். நாம் புகை என்று சொல்வது இந்தக் கலவையைத்தான். கண்ணுக்குத் தெரிவது துகள்கள் மட்டுமே. வாயுக்களில் பெரும்பாலானவை தெரிவதில்லை.

விறகுப் புகையிலும் நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் பென்சீனும் உண்டு. அது தீங்கற்றது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆயினும் தொழிற்சாலைத் தீயில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே எரிபவை ஒரே வகைப் பொருள் அல்ல. நெகிழி, ரப்பர், கரைப்பான், பெயிண்ட், பூச்சிக்கொல்லி, மின்கலம், குளிரூட்டி, மேற்கூரைத் தகடு என எல்லாம் சேர்ந்து எரிகின்றன; ஒவ்வொன்றும் தனக்கே உரிய நஞ்சைக் கலவையில் சேர்க்கிறது.

ஒரு துண்டு மின்கம்பியை எடுத்துக்கொள்வோம். அதன் மேலுறை பெரும்பாலும் பிவிசி எனப்படும் பாலிவினைல் குளோரைடால் ஆனது. தூய பிவிசியின் எடையில் பாதிக்கும் மேல், அதாவது சுமார் 57 சதவீதம், குளோரின். உறை சூடாகி உருகத் தொடங்கியதும், இந்தக் குளோரின் ஹைட்ரஜனுடன் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறுகிறது. அது ஈரத்தைத் தொட்டதும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. நம் கண்ணின் மேற்பரப்பிலும், மூக்கின் உட்புறத்திலும், தொண்டையிலும் எப்போதும் ஈரம் இருக்கிறது. பிவிசி எரியும் இடத்துக்கு அருகில் நிற்பவருக்குக் கண் எரிவதும் தொண்டை கமறுவதும் இதனால்தான். இனி ஒரு துண்டுக் கம்பிக்குப் பதிலாக ஒரு கிடங்கை நினைத்துப் பாருங்கள். கனடாவின் ஹாமில்டன் நகரில் 1997 ஜூலையில் ஒரு நெகிழி மறுசுழற்சிக் கிடங்கு நான்கு நாட்கள் எரிந்தபோது, நூற்றுக்கணக்கான டன் பிவிசி சாம்பலானது. குளோரின் உள்ள பொருள்கள் தாழ்ந்த வெப்பத்தில் அரைகுறையாக எரியும்போது டயாக்சின்கள் எனப்படும் நச்சுச் சேர்மங்களும் உருவாகின்றன. இவை காற்றில் கரைந்து மறைந்துவிடுபவை அல்ல. துகள்களோடு ஒட்டி, மண்ணிலும் புல்லிலும் இறங்கி, கொழுப்பில் சேர்ந்து, நெடுங்காலம் தங்குபவை.

சோபாவிலும் மெத்தையிலும் உள்ள பாலியூரிதேன் நுரை, நைலான் போன்ற நைட்ரஜன் கொண்ட பொருள்கள் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வெளியேறும். டயர்கள் எரிந்தால் கந்தக டை ஆக்சைடும், பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் எனப்படும் தார்போன்ற சேர்மங்களும் வரும். கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் 1990 பிப்ரவரியில் சுமார் 1 கோடியே 40 லட்சம் டயர்கள் கொண்ட குவியல் 17 நாட்கள் எரிந்தது. அணைக்க ஊற்றிய நீர் போதவில்லை, ஏனெனில் ஒவ்வொரு டயரின் உட்குழிவிலும் காற்று தங்கித் தீயை வளர்த்துக்கொண்டே இருந்தது. லித்தியம் மின்கலங்கள் எரிந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரக்கூடும். பழைய கட்டடங்களின் கல்நார்த் தகடுகள் வெப்பத்தில் வெடித்துச் சிதறும்போது இழைகளும் தூசியும் சுற்றுப்புறத்தில் விழும்.

எப்படி எரிகிறது என்பதும் எது எரிகிறது என்பதைப் போலவே முக்கியம். கொழுந்துவிட்டு எரியும் தீ புகையை மேலே தூக்குகிறது. உள்ளுக்குள் கனலும் தீக்கு அந்த வலு இல்லை; அது கார்பன் மோனாக்சைடையும் அரைகுறையாக எரிந்த கரிமச் சேர்மங்களையும் மிகுதியாக வெளியிடுவதுடன், அவற்றைத் தாழ்வாகவே விட்டுவிடுகிறது. 2023 மார்ச் 2 அன்று கொச்சியின் பிரம்மபுரம் கழிவு ஆலையில் பற்றிய தீ அணைய ஏறத்தாழ பன்னிரண்டு நாட்கள் ஆனதற்குக் காரணம், மேலே நீர் ஊற்றினாலும் நெகிழிக் குவியலின் அடியில் கனல் தங்கியிருந்ததே. குவியலைக் கிளறிக் கிளறித்தான் அணைக்க வேண்டியிருந்தது. "தீ கட்டுக்குள் வந்துவிட்டது" என்ற அறிவிப்பைக் கேட்டதும் மக்கள் நிம்மதி அடைகிறார்கள். தீப்பிழம்பு அடங்கிய அந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலும் தாழ்புகை தொடங்குகிறது என்பதை அந்த அறிவிப்போடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூச்சுப் பாதையில் எது எங்கே தங்குகிறது

ஒரு வாயு உடலின் எந்தப் பகுதியைத் தாக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, அது நீரில் எவ்வளவு கரையும் என்பதே. ஹைட்ரஜன் குளோரைடு, அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு ஆகியவை எளிதில் கரைபவை. அதனால் கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றின் ஈரத்திலேயே அவை பெரிதும் கரைந்து, அங்கேயே எரிச்சலை உண்டாக்குகின்றன. இந்த எரிச்சல் ஒரு வகையில் நம்மைக் காக்கிறது. தாங்க முடியாமல் நாம் அந்த இடத்தைவிட்டு ஓடிவிடுகிறோம். ஓட முடியாதவர்களையும், தப்ப வழியில்லாமல் சிக்கியவர்களையும் அந்த எச்சரிக்கை காப்பதில்லை.

நைட்ரஜன் டை ஆக்சைடு, ஃபாஸ்ஜீன் போன்றவை நீரில் குறைவாகக் கரைபவை. அவை மூக்கிலும் தொண்டையிலும் பெரிய எரிச்சல் தராமல் கடந்து, நுரையீரலின் அடியாழம் வரை சென்றுவிடுகின்றன. சுவாசித்தவர் சற்று இருமிவிட்டு, தனக்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போய்விடுவார். பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள் கழித்துக்கூட, நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்து மூச்சுத்திணறல் ஏற்படலாம். தீயணைப்பில் உதவியவர்கள், ஆலைக்குள் இருந்து தப்பியவர்கள், அடர்ந்த புகைக்குள் சிக்கியவர்கள் ஆகியோரை மருத்துவர்கள் உடனே அனுப்பிவிடாமல் கண்காணிப்பில் வைப்பதன் காரணம் இதுவே. அவர்கள் "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அது அந்த மணி நேரத்து உண்மை மட்டுமே.

கார்பன் மோனாக்சைடின் வழி வேறு. அதற்கு மணமோ நிறமோ எரிச்சலோ இல்லை. நுரையீரலுக்குத் தீங்கு செய்யாமலே இரத்தத்துக்குள் நுழைந்து, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், குழப்பம் என்று அறிகுறிகள் தொடங்கும். இங்கே ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். விரல் நுனியில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர், கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஒட்டியதாகவே படித்துவிடும். உடல் ஆக்சிஜனுக்குத் தவித்துக்கொண்டிருக்க, கருவி 98 என்று காட்டலாம். அந்த எண்ணை நம்பி ஒருவரை வீட்டிலேயே படுக்க வைத்துவிடக் கூடாது. இரத்தப் பரிசோதனையே உண்மையைச் சொல்லும்.

மூடிய கட்டடத் தீயில் சிக்குபவர்களின் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும்தான். சில கிலோமீட்டர் தள்ளி வசிப்பவரைச் சென்றடைவதற்குள் இவ்வாயுக்கள் பெரும்பாலும் காற்றில் கலந்து நீர்த்துவிடும். தொலைவில் இருப்பவருக்குப் பெரிய கவலை, நீண்ட தூரம் பயணிக்க வல்ல நுண்துகள்களே.

நுண்துகளின் பயணம்

பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரோ அதைவிடக் குறைவோ விட்டமுள்ள துகள்களைக் குறிக்கிறது. மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் இதைப் போல ஏறத்தாழ முப்பது மடங்கு. தீப்புகையின் துகள்களில் பெரும்பகுதி ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. மூக்கின் முடிகளும் சளியும் பெரிய தூசியைப் பிடித்துவிடும், இவற்றைப் பிடிக்காது. கிளைகிளையாகப் பிரிந்து செல்லும் மூச்சுக்குழாய்களின் முடிவில் கோடிக்கணக்கான காற்றறைகள் உள்ளன. அவற்றை எல்லாம் விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே அங்கே உள்ள சுவர் ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லாத மெல்லிய படலம். ஆக்சிஜன் எளிதில் கடப்பதற்காக அமைந்த அந்தப் படலத்தின்மேல்தான், உலோகங்களும் தார்ச் சேர்மங்களும் ஒட்டிய கரித்துகள் வந்து அமர்கிறது.

உடல் அதை அழற்சியால் எதிர்கொள்கிறது. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய் சுருங்குகிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவரின் நிலை மோசமாகிறது. அழற்சி நுரையீரலோடு நின்றுவிடுவதும் இல்லை. இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, இரத்தக் குழாய்களின் இயல்பான விரிவு குறைகிறது, இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைகிறது. நுண்துகள் மாசு உயரும் நாட்களிலும் அதை அடுத்த நாட்களிலும் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. புகை என்றதும் நுரையீரலை மட்டுமே நினைக்கிறோம்; நெஞ்சுவலியோடு வரும் முதியவரிடம், நேற்று அவர் தெருவில் புகை இருந்ததா என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. கேட்கப்பட வேண்டிய கேள்வி அது.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5 துகள்களின் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பெரிய தீயின் தாழ்புகைக்குள் இது நூற்றுக்கணக்கில் ஏறிவிடும்.

ஆனால் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பது பாதிக் கணக்குதான். உள்ளே எவ்வளவு சென்றது என்பது மீதி. ஒரு கன மீட்டரில் 300 மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓய்வாக அமர்ந்திருக்கும் பெரியவர் நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் காற்றை இழுக்கிறார். ஒரு மணி நேரத்தில் 360 லிட்டர். அதில் 108 மைக்ரோகிராம் துகள் உள்ளே போகிறது. அவரே மூட்டை சுமந்தாலோ ஓடினாலோ நிமிடத்துக்கு 48 லிட்டர் வரை இழுக்கக்கூடும். அதே தெரு, அதே ஒரு மணி நேரம், ஆனால் உள்ளே சென்றது 864 மைக்ரோகிராம்: எட்டு மடங்கு. புகை நாளில் விளையாட்டையும் கடும் உழைப்பையும் நிறுத்தச் சொல்வது வெறும் சம்பிரதாய அறிவுரை அல்ல என்பதை இந்தச் சிறு பெருக்கல் காட்டும்.

குழந்தைகள் தங்கள் உடல் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். அவர்களுடைய நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. தரைக்கு நெருக்கமாக விளையாடி, கையை வாயில் வைத்து, படிந்த கரியையும் விழுங்குகிறார்கள். கர்ப்பிணிகள், முதியவர்கள், இதயநோய் அல்லது நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோரும் எளிதில் பாதிக்கப்படுபவர்கள். இந்தப் பட்டியலில் வழக்கமாக விடுபட்டுப்போகும் ஒரு கூட்டம் உண்டு: வெளியில் நின்று உழைப்பவர்கள், காற்றுப் புகும் குடிசைகளில் வசிப்பவர்கள், ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய வருமானத்தை இழப்பவர்கள். "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்ற அறிவிப்பு அவர்களுக்கு எந்த வழியையும் காட்டுவதில்லை. ஆலைகளின் சுவரை ஒட்டி வசிப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே என்பதால், காற்று வடிகட்டும் வசதியுள்ள பொது இடம் ஒன்றைத் திறந்து வைப்பது நிர்வாகத்தின் முதல் வேலைகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

காற்றும் நேரமும்

பகலில் வெயில் தரையைச் சூடாக்குவதால் காற்று மேலும் கீழுமாகக் கலக்கிறது. தெளிந்த இரவில் தரை குளிர, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று ஒரு மூடிபோல அமர்ந்துவிடும். வெப்பநிலைத் தலைகீழ் எனப்படும் இந்த நிலையில், மூடிக்குக் கீழே வெளியேறும் புகை மேலே போக வழியின்றித் தெருக்களிலேயே தேங்குகிறது. மூடிக்கு மேலே போய்விட்ட புகை இரவு முழுவதும் மக்களைத் தொடாமல் மிதக்கிறது. காலை வெயிலில் காற்று கலங்கத் தொடங்கியதும் அது திடீரெனத் தரைக்கு இறங்கலாம். இரவில் தெளிவாக இருந்த தெரு காலை ஒன்பது மணிக்குப் புகைமூட்டமாவதன் பின்னணி இது. காற்றின் திசை மாறினால், தீயின் மறுபக்கத்தில் பாதுகாப்பாக இருந்தவர்கள் நிமிடங்களில் புகைக்குள் வந்துவிடுவார்கள்.

கைப்பேசியில் தெரியும் காற்றுத் தரக் குறியீட்டை நம்புவதிலும் கவனம் வேண்டும். பல இடங்களில் அது 24 மணி நேரச் சராசரி. இரண்டு மணி நேர அடர்புகை அந்தச் சராசரிக்குள் கரைந்து காணாமல் போய்விடும். அளவீட்டு நிலையம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். இவற்றைவிட முக்கியமானது: அந்தக் குறியீட்டுக்குள் ஹைட்ரஜன் குளோரைடும் சயனைடும் அடங்குவதே இல்லை. குறியீட்டு எண் பச்சை நிறத்தில் இருந்தும் கண் எரிந்தால், கண்ணை நம்புங்கள். அதே வேளையில், கண் எரியவில்லை, நாற்றம் இல்லை என்பதால் காற்று சுத்தம் என்று முடிவுகட்டவும் முடியாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடுகிறது.

புகை வரும்போது

தீ நிகழும் இடத்திலிருந்து வெளியேறச் சொன்னால் வெளியேறுவதே சரி. காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். உள்ளே இருக்கச் சொன்னால், கதவு ஜன்னல்களை மூடி, இடுக்குகளில் ஈரத்துணி வைத்து, காற்றை வெளியே தள்ளும் மின்விசிறிகளை நிறுத்த வேண்டும். அவை வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக வெளிப்புகை வேறு இடுக்கு வழியாக உள்ளே வரும். குளிர்சாதனம் இருந்தால், வெளிக்காற்றை இழுக்காமல் உள்காற்றையே சுழற்றும்படி வைக்கலாம். உள்ளே வறுப்பது, புகைபிடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பலர் அறியாத ஒன்று: மூடிய வீடு காலவரையின்றிக் காப்பதில்லை. எந்த வீட்டுக்கும் கசிவு உண்டு. சில மணி நேரத்தில் உள்காற்று மெல்ல மெல்ல வெளிக்காற்றைப் போலாகிறது. ஆகவே புகை விலகியதும் ஜன்னல்களை உடனே அகலத் திறந்துவிட வேண்டும். வெளியே காற்று தெளிந்த பிறகும் பயத்தில் மூடியே வைத்திருந்தால், உள்ளே தங்கிய புகையைத்தான் சுவாசித்துக்கொண்டிருப்போம். புகை பல நாள் நீடிக்கும் என்று தெரிந்தால், எளிதில் பாதிக்கப்படுபவர்களை வேறு இடத்துக்கு மாற்றுவதே நல்லது. மோர்வெல் நகரின் தென்பகுதியில் வசித்த அத்தகையோரைத் தற்காலிகமாக இடம்பெயரும்படி அதிகாரிகள் அறிவுறுத்தியது பிப்ரவரி 28 அன்றுதான். தீப்பிடித்து 19 நாள் கழிந்திருந்தது. அந்த அறிவுரை மிகத் தாமதமாக வந்தது என்று பின்னர் நடந்த அரசு விசாரணை கூறியது.

ஈரத்துணியும் துணி முகக்கவசமும் நுண்துகளைத் தடுக்கா. என் 95 வகைக் கவசம் 0.3 மைக்ரோமீட்டர் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை வடிகட்டும். ஆனால் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், தாடி இருந்தால் பொருந்தாது. அது வாயுக்களைத் தடுக்காது என்பதையும் மறக்கக் கூடாது. அதை அணிந்துகொண்டு தீயைப் பார்க்கவோ படமெடுக்கவோ போகிறவர் தனக்கு இல்லாத பாதுகாப்பை இருப்பதாக நம்புகிறார். சிறு குழந்தைகளின் முகத்துக்கு இக்கவசம் பொருந்துவதில்லை. அவர்களைப் புகையிலிருந்து அப்புறப்படுத்துவதே வழி.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத மூச்சிரைப்பு, நெஞ்சில் இறுக்கம் அல்லது வலி, உதடு நீலம் பாரித்தல், குழப்பம், மயக்கம், குரல் திடீரெனக் கரகரத்தல், கரி கலந்த சளி, இன்ஹேலருக்குக் கட்டுப்படாத இழுப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெரிய தீக்குப் பின் மருத்துவமனைகள் நிரம்பி வழியும் என்பதும் எதிர்பார்க்க வேண்டியதே. 2012 ஆகஸ்ட் 6 அன்று கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எரிந்த பிறகு, அடுத்த வாரங்களில் சுமார் 15,000 பேர் மருத்துவ உதவியை நாடினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்பட்டவை இருமல், தலைவலி, கண்ணெரிச்சல், மூச்சிரைப்பு போன்றவை. இவை சிறியவை என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் வரும்போது, உண்மையில் ஆபத்தில் இருப்பவரை அந்தக் கூட்டத்தில் கண்டுபிடிப்பதே மருத்துவர்களின் பெரும் பாடு.

புகை கலைந்த பிறகு

மூச்சு வழி முடிந்ததும் கை வழியும் வாய் வழியும் தொடங்குகின்றன. ஜன்னல் விளிம்பில் ஈரமான வெள்ளைத் துணியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிசுபிசுப்பான கறுப்புத் தடம் தெரிந்தால், அதே படிவு திண்ணையிலும் பொம்மையிலும் கீரையிலும் திறந்த நீர்த்தொட்டியிலும் இருக்கிறது. அதை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் மறுபடி காற்றில் எழும். கையுறையும் கவசமும் அணிந்து, ஈரத்துணியால் துடைப்பதே முறை. தோட்டத்துக் காய்கறிகளை நன்றாகக் கழுவ வேண்டும். கரி தடிமனாகப் படிந்திருந்தால், சோதனை முடிவு வரும்வரை உண்ணாதிருப்பது மேல். தகட்டுத் துண்டுகள் விழுந்து கிடந்தால் கல்நாராக இருக்கலாம்; உடைக்காமல், தொடாமல் தகவல் தர வேண்டும்.

பிரான்சின் ரூவான் நகரில் 2019 செப்டம்பர் 26 அன்று மசகு எண்ணெய்க்கான வேதிப்பொருள்கள் தயாரிக்கும் ஆலையும் அதை ஒட்டிய கிடங்கும் எரிந்து, ஆயிரக்கணக்கான டன் பொருள்கள் சாம்பலாயின. புகை சென்ற வழியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில், பால், முட்டை, தேன், காய்கறி ஆகியவற்றின் விற்பனைக்குத் தற்காலிகத் தடை வந்தது. கறவை மாடுகள் கரி படிந்த புல்லை மேய்ந்தால் டயாக்சின் பாலில் வந்து சேரும் என்பதே அந்த அச்சம். அணைக்க ஊற்றிய நீரும் எங்கோ போய்ச் சேர்கிறது. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரருகே ஒரு வேதிப்பொருள் கிடங்கு எரிந்தபோது, பூச்சிக்கொல்லிகள் கலந்த அந்த நீர் ரைன் ஆற்றைச் செந்நிறமாக்கி மீன்களைக் கொன்றது. குடிநீர் எடுக்கும் இடங்களை மூடச் சொல்லும் அறிவிப்பை மக்கள் புகையோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை, தொடர்பு நேரடியானது.

புற்றுநோய் வருமா என்பதே பெரும்பாலோர் கேட்கும் கேள்வி. புகையில் பென்சீன், டயாக்சின் போன்ற புற்றுநோய்க் காரணிகள் இருப்பது உண்மை. ஆனால் சில நாள் புகையால் ஒருவருக்குக் கூடும் ஆபத்து பொதுவாகச் சிறியது. வாழ்நாள் முழுவதும் சுவாசிப்பதோடு அதை ஒப்பிட முடியாது. தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் வகைப்படுத்தியது. அது ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் புகைக்குள் செல்பவர்களைப் பற்றியது. எனவே ஒரே ஒரு தீயைக் கண்டவர் அளவுக்கு மீறி அஞ்ச வேண்டியதில்லை. அடிக்கடி எரியும் குப்பைக் கிடங்குக்கோ ஆலைக்கோ அருகில் வசிப்பவரின் கணக்கு வேறு. அவருக்கு ஒவ்வொரு தீயும் தனி நிகழ்வு அல்ல, முந்தையதன் மேல் கூடுவது.

உடலோடு மனமும் அடிபடுகிறது. தூக்கமின்மை, சைரன் ஒலி கேட்டால் பதற்றம், குழந்தையின் ஒவ்வோர் இருமலிலும் அச்சம் என இவை மாதக்கணக்கில் நீடிக்கலாம். இதைக் கூட்டுவது தகவல் இன்மையே. ரூவானில் என்ன எரிந்தது என்ற பட்டியல் வெளிவரச் சில நாட்கள் ஆயின. அதுவரை மக்கள் தாங்கள் எதைச் சுவாசித்தோம் என்றே தெரியாமல் இருந்தார்கள். ஆலைக்குள் என்ன பொருள், எத்தனை டன் இருக்கிறது என்ற பட்டியல், தீப்பிடிக்கும் முன்பே தீயணைப்புத் துறையிடமும் அருகிலுள்ள மருத்துவமனைகளிடமும் இருக்க வேண்டும். பட்டியல் இருந்தால்தான் எந்த வாயுவை அளப்பது, யாரை எவ்வளவு நேரம் கண்காணிப்பது, எந்த மண்ணைச் சோதிப்பது என்று முடிவெடுக்க முடியும்.

ஒவ்வொரு வீட்டாரும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. புகை எந்த நாளில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை தெருவில் இருந்தது, அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள், யாருக்கு என்ன அறிகுறி எப்போது தொடங்கி எப்போது நின்றது என்பதை ஒரு தாளில் எழுதி, மருத்துவச் சீட்டுகளோடு சேர்த்து வைக்கலாம். கர்ப்பிணி இருந்தால் எத்தனையாவது மாதம் என்பதையும் குறிக்க வேண்டும். ஹேசல்வுட் தீக்குப் பின் மோர்வெல் மக்களின் உடல்நலத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய ஒரு பெரிய ஆய்வு அமைக்கப்பட்டது. அத்தகைய ஆய்வில் முதலில் கேட்கப்படுவது, எந்தெந்த நாட்களில், எந்தெந்த மணி நேரங்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதுதான். இரண்டு ஆண்டு கழித்து அதை நினைவிலிருந்து யாராலும் சரியாகச் சொல்ல முடிவதில்லை.